மயூர் விஹாரில் இருந்த ஊழிக்கரை

டெல்லிக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதித் தர முடியுமா என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டபோது நான் இன்னும் ரயில் ஏறவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன். போய்வந்த பிறகு இரண்டு முறை மறுத்துப் பார்த்தேன், அவர் விடவில்லை. மூன்று நாள், கொஞ்சம் குளிர், நிறையச் சாப்பாடு, ஒரு சால்வை என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த மூன்று நாளும் நான் பட்ட வெட்கத்தை விட்டுவிட்டால் எழுதுவதற்குத் தள்ளுவண்டிக் குல்சா ரொட்டி மட்டும்தான் மிஞ்சும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: கரூரில் போர்வையும் மேஜைவிரிப்பும் ஏற்றுமதி செய்கிற நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாவல் எழுதுகிறேன். என் நாவல்கள் நடக்கிற நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. அதன் பெயர் ஊழிக்கரை. அங்கே இரண்டு நிலவு, பேசும் யாளிகள், ஆறு மாதம் கடலிலிருந்து மலைக்கு ஏறுகிற ஓர் ஆறு, ஓயாமல் அடித்துக்கொள்ளும் ஐந்து அரச குலங்கள். மூன்று பாகங்கள் வந்துவிட்டன. வாசகர்களுக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள மந்திரச் சட்டம். ஊழிக்கரையில் யார் வேண்டுமானாலும் மந்திரம் சொல்லலாம். ஆனால் பக்கத்தில் நிற்கிற இன்னொருவர் ‘நான் சாட்சி’ என்று சொன்னால்தான் அது பலிக்கும். விளைகிற நன்மை தீமையில் பாதி சாட்சியைச் சேரும். அதனால் பெரிய பெரிய மந்திரவாதிகள்கூடச் சாட்சிக்கு ஆள் கிடைக்காமல் ஊர் ஊராக அலைவார்கள்.

இந்த ஊழிக்கரையைப் பற்றிப் பேசத்தான் டெல்லித் தமிழர்கள் என்னை அழைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை மயூர் விஹாரில் ஒரு கூட்டம், ஞாயிறு காலை துவாரகாவில் இன்னொன்று. ஏற்பாடு செய்தவர் ராமச்சந்திரன் என்ற வங்கி அதிகாரி. வைஷாலி போகும் மெட்ரோவில் மட்டும் ஏறிவிடாதீர்கள், நொய்டா போகிற வண்டியில் ஏறுங்கள் என்று மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தார். நான் வைஷாலி வண்டியில் ஏறினேன்.

யமுனையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. அது தெரியாமல் ஜன்னலோரம் நின்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மடியில் இனிப்புப் பெட்டி வைத்திருந்த ஒருவரிடம் மயூர் விஹார் எப்போது வரும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். “அது அப்போதே பிரிந்து போய்விட்டதே. நீங்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள்” என்றார் அவர். எதிரே நின்ற பெண், திரும்பி யமுனா பேங்க் போய் வண்டி மாறச் சொன்னார். அதைக் கேட்ட மாணவன் ஒருவன் ஆட்டோதான் சுலபம் என்றான். பிறகு அவர்கள் இருவருக்குள்ளும் வாக்குவாதம் முற்றிவிட்டது. கரூர் டவுன் பஸ்ஸிலும் வழி கேட்டால் இதுதான் நடக்கும் என்பதால் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ப்ரீத் விஹாரில் இறங்கித் திரும்பி வந்தேன்.

மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் ஒரு தள்ளுவண்டியில் சோலே குல்சா சாப்பிட்டேன். மெத்தென்ற ரொட்டி, அதன்மேல் கொண்டைக்கடலை, பச்சை வெங்காயம், எலுமிச்சை. எங்கள் ஊரில் தட்டுவடையை நொறுக்கிச் சட்னி கலந்து தரும் கரத்தைவிட உயர்ந்த தெருத்தீனி கிடையாது என்று இருபது வருடமாகச் சொல்லி வந்தவன், இரண்டாவது தட்டு வாங்கினேன். தின்றுகொண்டே அன்று மாலை பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒத்திகைக்கு ஒன்றுமில்லை. எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்.

கூட்டம் ஒரு குடியிருப்பின் சமூகக்கூடத்தில். நாற்பது நாற்காலி, சமோசா, நமக்காகப் பிரத்தியேகமாக மெதுவடை. வந்திருந்த இளைஞர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் யாராவது படித்துக் காட்டக் கேட்டவர்கள். இரண்டாவது வரிசையில், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றாத ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றாலும் உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. சியாமளா. நான் பார்வையைக் கடைசி வரிசைக்கு மாற்றிக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் முதல் கேள்வியே அதுதான். சாட்சிச் சட்டம் உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று ஒரு பையன் கேட்டான். வழக்கமான பதில் தானாக வாயில் வந்துவிட்டது. கரூர் பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் ஏதோ பத்திரத்தில் கைநாட்டு வைக்கச் சாட்சி தேடி அலைந்தார், யாரும் முன்வரவில்லை, அப்போது தோன்றியது என்றேன். அவர் பழுப்பு நிறச் சட்டை போட்டிருந்தார் என்றும் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். சியாமளாவும் தட்டினார்.

அப்படி ஒரு பெரியவர் இல்லை. அந்தச் சட்டம் சியாமளாவுடையது.

பதினான்கு வருடத்துக்கு முன்பு நான் ஒரு வலைப்பூவில் சின்னச் சின்ன மாயக்கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். நாடு இல்லை, பெயர் இல்லை, யாளி மட்டும் இருந்தது. திருச்சியிலிருந்து டெல்லிக்குக் குடிபோன குடும்பத்தைச் சேர்ந்த சியாமளா அதைப் படித்துவிட்டு, இந்த யாளி எந்த ஊரில் இருக்கிறது, அங்கே யார் ஆட்சி, மழை எப்போது என்று கேட்டு எழுதினார். எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த வாரம் தபாலில் ஒரு பச்சைத் தாள் வந்தது. அவர் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். அங்கே ஒரு விஷயம் முடிவாக வேண்டுமென்றால், கீழே இருப்பவர் பச்சைத் தாளில் பத்திக்கு எண் போட்டுக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் அதற்குக் கீழே ‘ஒப்புதல்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். ஊழிக்கரையை அப்படித்தான் அவர் எனக்கு எழுதி அனுப்பினார்.

‘பத்தி 4. ஆறு ஆண்டில் பாதி நாள் கடலிலிருந்து மலைக்குப் பாயலாம். அக்காலத்தில் மலையூர்களுக்கு உப்பு இலவசமாகும் என்பதால் கரையோர அரசர்கள் எதிர்ப்பர். உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.’ இந்த ரீதியில் இருக்கும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். கீழே ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கித் திருப்பி அனுப்புவேன். நான்கு வருடம் தாள்கள் போய்வந்தன. அதற்குப் பிறகுதான் நான் நாவலே எழுத உட்கார்ந்தேன். எழுதும் காலத்திலும் அவ்வப்போது ஒரு தாள் வரும்.

முதல் பாகம் அச்சுக்குப் போனபோது நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். பிறகு அடித்துவிட்டு ‘டெல்லி வாசக நண்பர்களுக்கு’ என்று மாற்றினேன். பெயரைப் போட்டால் எது யாருடையது என்று கேட்பார்களோ என்ற பயம்தான், வேறு காரணம் கிடையாது. இரண்டாம் பாகத்தில் அந்த வரியும் இல்லை. எனக்கு அது ஒரு திருட்டாகவே தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போது நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து கும்பல் கலைந்ததும் சியாமளா அருகில் வந்தார். பயணம் சௌகரியமா என்று விசாரித்தார், வைஷாலிக் கதையைக் கேட்டுச் சிரித்தார், மறுநாள் மதியம் சாப்பிட வரச் சொன்னார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். ராமச்சந்திரன் அதற்குள், ஆகா, சார் கட்டாயம் வருவார் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை டெல்லியில் நல்ல வெயில். குடியிருப்பின் புல்தரையில் மனிதர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வெயில் காய்ந்தார்கள். எங்கள் ஊரில் வெயிலைக் கண்டால் ஓடுவோம், இங்கே அதற்கு இடம் பிடிக்கிறார்கள். சியாமளாவின் வீடு மூன்றாவது மாடி. கணவர் வேலையாகப் போபாலில் இருந்தார். மகள் நித்யா கல்லூரியில் கடைசி வருடம்.

சாப்பாடு சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம். இந்த ஊர்க் குளிர்காலக் கேரட் சிவப்பாக இருக்கும், அதைப் போட்டால் சாம்பார் லேசாக இனிக்கும் என்று சியாமளா எச்சரித்தார். இனித்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நித்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. மூன்று பாகங்களையும் அவள் அம்மா வரி வரியாகப் படித்துக் காட்டியிருக்கிறார். “அங்கிள், அம்மா உங்க பெரிய ஃபேன். எனக்கு எக்ஸாம்னாகூட, முதல்ல ஊழிக்கரை ஒரு சாப்டர், அப்புறம்தான் படிப்பு” என்றாள். நான் சியாமளாவைப் பார்த்தேன். அவர் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று புரிந்தது.

தயிர் வாங்கிவர நித்யா கீழே போனாள். கதவு சாத்தப்பட்டதும் சியாமளா அலமாரியிலிருந்து ஓர் அலுவலகக் கோப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அட்டை, சிவப்பு நாடா, உள்ளே பச்சைத் தாள்கள், ஒவ்வொன்றிலும் பக்க எண். ஒவ்வொரு பத்திக்கும் கீழே என் கையெழுத்து. ஒப்புதல், ஒப்புதல், ஒப்புதல். திருடியவனே கையெழுத்துப் போட்டு வைத்த சாட்சியம் இவ்வளவு ஒழுங்காக வேறு எங்கும் இருக்காது.

நாலாவது பாகத்துக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஐந்தாவது குலத்தின் வாரிசுரிமை பற்றி இன்னும் பயன்படுத்தாத பத்திகள் அதில் இருக்கின்றனவாம். குரலில் கோபம் எதுவும் இல்லை. நான் அசட்டுத்தனமாக, நீங்கள் ஏன் மேடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றேன்.

“ஃபைலை மேல அனுப்பிட்டுப் போய் நின்னு கேக்கக் கூடாது சார். ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ரிமைண்டர் போடலாம்” என்றார். பிறகு கடைசித் தாளைத் திருப்பினார். “போட்டேன்.”

மூன்றாம் பாகம் வருவதற்கு முன்பு எழுதிய குறிப்பு அது. ‘நூலின் முகப்பில் எனது பங்களிப்பு குறிப்பிடப்படுமா என்பதை அறிய வேண்டி, உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.’ அதன் கீழே ஒப்பம் இடுவதற்காக நான்கு விரற்கடை வெற்றிடம். அது நகல். அசல் எனக்கு வந்தது. வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. படித்துவிட்டு, அலுவலக மேஜையில் துணி மாதிரிகளுக்கு அடியில் சொருகி வைத்தேன். பதில் எழுதவில்லை.

சியாமளா ஒரு பேனாவை எடுத்துக் கோப்பின் மேல் வைத்தார். கையில் எடுத்தேன். என்ன எழுதுவது, மூன்று பாகம் அச்சாகிவிட்ட பிறகு ஒப்புதல் என்று எழுதினால் அது எதற்கு ஒப்புதல் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நித்யா உள்ளே வருவதற்குள் கோப்பை மூடி நாடாவைக் கட்டிவிட்டேன். அந்த நாடாவைக் கட்டிய வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. சியாமளா பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

ஞாயிறு காலை துவாரகாவுக்கு நித்யாதான் துணை வந்தாள். சியாமளா வரவில்லை, வாரம் முழுவதும் சேர்ந்த வேலை இருக்கிறது என்றார். மயூர் விஹாரிலிருந்து துவாரகாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. நான் அவசரத்தில் நேராக முதல் பெட்டியில் ஏறப்போனேன். “அங்கிள், அது லேடீஸ், இந்தப் பக்கம், ஜல்தி” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எதிரே ஒரு கணவனும் மனைவியும் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். “பரிசில் என் பெயரையும் எழுதினாயா?” என்று கணவன் கேட்க, “வாங்கியது நான், உன் பெயர் எதற்கு?” என்றாள் மனைவி. நித்யா அதை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தாள். வழியெல்லாம் ஊழிக்கரையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். சாட்சி சொல்கிறவருக்குப் பாதிப் பங்கு என்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்றாள். நான் தலையாட்டினேன். ஜனக்புரி தாண்டும்போது, இனிமேல் என்னால் மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

துவாரகாவிலும் அதே கேள்வி வந்தது. இந்த முறை கேட்டது விமான நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். நான் எழுந்து நின்று, அந்தச் சட்டம் என்னுடையது அல்ல, மயூர் விஹாரில் இருக்கிற சியாமளா என்பவருடையது என்றேன். ஆறும் அவருடையது, இரண்டு நிலவும் அவருடையது, இதைப் பத்து வருடமாக நான் சொல்லவில்லை, பேருந்து நிலையப் பெரியவர் பொய் என்றேன்.  இனி இவர்கள் என் முகத்தில் துப்பட்டும் என்று நின்றேன்.

கைதட்டினார்கள். இவ்வளவு பெரிய கைதட்டலை நான் வேறெங்கும் வாங்கியதில்லை. ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெருந்தன்மையா என்று கண் கலங்கிப் பேசினார் கூட்டத் தலைவர். சால்வையைப் போர்த்தும்போது, அந்த அம்மையார் கொடுத்து வைத்தவர் என்றார். சியாமளாவின் பெயரைச் சுந்தரி என்று சொன்னார், நான் திருத்துவதற்குள் ஒலிபெருக்கி கை மாறிவிட்டது. அவருடைய நாட்டை எடுத்துக்கொண்டேன், இப்போது எடுத்ததைச் சொன்னதற்கும் எனக்கே மாலை. பின்வரிசையில் நித்யா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில் அவள் எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டி பாதி காலியாக இருந்தது. சால்வையை மடித்துப் பைக்குள் திணித்தேன், அது வெளியே பிதுங்கிக்கொண்டே வந்தது. ராஜீவ் சௌக் வந்து கூட்டம் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“சாட்சிச் சட்டம் வர்ற இடத்துல அம்மா ஒவ்வொரு தடவையும் படிக்கறதை நிறுத்திடுவாங்க அங்கிள். நல்லா இருக்குல்ல, யாருக்கு இப்படித் தோணும்னு நான் கேப்பேன். ரைட்டருக்குன்னு சொல்வாங்க.”

  மயூர் விஹாரில் இறங்கி, என் தங்குமிடம் வரை வந்து விட்டுவிட்டு, போயிட்டு வாங்க அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும் முன் சியாமளாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நித்யா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாளாம், கோப்பை வாங்கி ஒவ்வொரு தாளாகப் படித்துக் காட்டச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. இனி எல்லாம் சரியாகிவிட்டதா மேடம் என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

“அச்சா, நீங்க சொன்னது நல்லதுதான் சார். ஆனா எங்க ஆபீஸ்ல வாயால சொன்னதுக்கு மதிப்பு கிடையாது. ஃபைல்ல ஏறலைன்னா அது நடக்கலைன்னு அர்த்தம்” என்றார். ரயிலுக்கு நேரமாகிறதே என்று அவரே ஞாபகப்படுத்தினார்.

கரூர் வந்ததும் துணி மாதிரிகளுக்கு அடியில் தேடினேன். அந்தத் தாள் கிடைக்கவில்லை. மேஜையை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த பதிப்பிலிருந்து மூன்று பாகங்களின் முகப்பிலும் இரண்டு பெயர் இருக்கும். அதுவரை அச்சில் ஏறுவது இந்தக் கட்டுரைதான் என்பதால் இங்கேயே பதிவு செய்கிறேன்.

இரண்டு நிலவும் அவற்றின் நாட்காட்டியும் சியாமளாவுடையவை. மலைக்கு ஏறும் ஆறும் அதனால் வரும் உப்புச் சண்டையும் அவருடையவை. சாட்சிச் சட்டம் அவருடையது, அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. ஐந்து குலங்களில் நான்கு அவருடையவை. ஊழிக்கரை என்ற பெயரும் அவர் வைத்ததுதான். யாளிகள் என்னுடையவை. இரண்டாம் பாகத்தில், சுரங்கத்துக்குள் நடக்கும் அந்த நீண்ட போரும் முழுக்க என்னுடையது. அது வேண்டாம், கதை நின்றுவிடுகிறது என்று அவர் காரணத்தோடு மூன்று பத்தி எழுதி அனுப்பினார். கோப்பு முழுவதிலும் நான் ‘நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதியிருப்பது அங்கே மட்டும்தான்.